கணக்கர் கட்டிய ஆப்

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துத் தருவது என் தொழில். இங்கே முதலாளிகளைத் தூங்கவிடாதது எடைக் கணக்கு. நிட்டிங் முடிந்த துணி டையிங்குக்குப் போகும்போது ஒரு எடை, திரும்பும்போது வேறொரு எடை. எவ்வளவு குறையலாம் என்பது துணிக்குத் துணி மாறும். இதை ஒரு புரோகிராமருக்குப் புரியவைத்து எழுதி வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இதற்கு மாற்றாக வந்த நோ-கோட் தளத்தில் நிரல் எழுத வேண்டாம். படிவத்தைத் திரையில் இழுத்து வைத்து, ‘இத்தனை சதவீதத்துக்கு மேல் குறைந்தால் முதலாளிக்குத் தகவல் போகட்டும்’ என்ற விதியையும் தேர்ந்தெடுத்தே அமைக்கலாம். லோ-கோட் என்றால் ஆங்காங்கே சில வரி எழுத வேண்டிவரும். நம் ஸோஹோ 2006லேயே கிரியேட்டர் என்ற இத்தகைய தளத்தை வெளியிட்டது. லோ-கோட் என்ற பெயரை ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 2014ல்.

டெலிவரி சலான் எழுதும் கணக்கர் ஒருவர் தானே இப்படியொரு ஆப் கட்டினார். எடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘துணி ஈரமா?’ என்று ஒரு கேள்வி வைத்திருந்தார். ஈரத்துணி கூடுதல் எடை காட்டும், குறைவு மறைந்துவிடும். எனக்கு அது தோன்றியிருக்காது. இந்தத் தளங்களை நான் மதிப்பது இதற்காகத்தான்: வேலை தெரிந்தவரே கருவியைச் செய்கிறார்.

ஆனால் யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். 2021ல் மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் என்ற லோ-கோட் தளத்தில் கட்டிய பல இணைய வாசல்களிலிருந்து 3.8 கோடிப் பதிவுகள் பொதுவெளியில் கிடந்ததை அப்கார்டு என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. வாசல்களைக் கட்டியவர்கள் அனுமதி அமைப்பை இயக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகே மைக்ரோசாஃப்ட் அதைத் தானாகவே பூட்டியிருக்கும்படி மாற்றியது.

முதலீட்டாளர்களுக்கு இத்துறை பிடித்ததில் வியப்பில்லை. 2018ல் சீமென்ஸ், லோ-கோட் தளம் நடத்தும் மெண்டிக்ஸ் நிறுவனத்தை 60 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஒரு தளத்தில் கட்டிய ஆப்பை இன்னொன்றுக்கு எளிதில் பெயர்க்க முடியாது. வாடிக்கையாளர் சந்தா கட்டிக்கொண்டே இருப்பார். பங்கு வாங்குபவருக்கு அது நிலையான வருமானம், பனியன் கம்பெனிக்கு அதுவே தளை. கூகுள் தன் ஆப் மேக்கர் என்ற லோ-கோட் தளத்தை 2021 ஜனவரியில் மூடியபோது தரவு மிஞ்சியது, ஆப்களை நேரடியாக வேறு தளத்துக்கு மாற்ற வழியில்லை.

அதனால் சந்தா கட்டும் முன்பே தரவை எக்செல் கோப்பாக இறக்கிப் பார்க்கச் சொல்கிறேன். விதிகளை ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதிவைக்கவும் சொல்கிறேன். தளம் மாற நேர்ந்தால் மறுபடி கட்டுபவருக்கு அதுதான் வேண்டும்.