பொதி ஏறிய பாதை

மலைநாட்டில் தார்ச்சாலைகள் வருமுன் உப்பும் கருவாடும் மாட்டின் முதுகில் பொதியாகத்தான் ஏறின. கணினி நிர்வாகிகளான நாங்களும் மென்பொருளைப் ‘பொதி’ என்றே சொல்கிறோம். இலங்கையின் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துப் பல்லேகம போன்ற ஊரை நினைக்கும்போது, அந்தச் சொல்லின் பாரம் உண்மையாகவே புரிகிறது.

அன்று, இப்படியொரு ஊரில் லினக்ஸ் சேர்வரை வைத்திருப்பவர் மென்பொருளை நகரத்தில் இறக்கி, இறுவட்டில் பதிந்து, ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் மலைப்பாதை வழியே பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். வந்து, பொதியை நிறுவும் ஆர்பிஎம் கட்டளையைக் கொடுத்தால், “இன்னொரு நூலகம் தேவை” என்று திரை சொல்லும். அது இறுவட்டில் இராது. மறுபடி பயணம். அந்த நூலகத்துக்கும் வேறொன்று தேவைப்படும்.

இந்தச் சார்புச் சங்கிலியைத் தானே தேடிக் கோக்கும் ஆப்ட் என்ற கருவி, 1999 மார்ச்சில் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 2.1 பதிப்புடன் வந்தது. ஆனாலும் இணையம் மெலிந்த ஊரில் இறுவட்டுகளே களஞ்சியம். 2005இல் வெளியான டெபியன் 3.1 முழுத் தொகுதிக்கு 14 இறுவட்டுகள். எந்த எண்ணுள்ள வட்டைப் போட வேண்டும் என்று ஆப்ட் கேட்கும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை 2011 வரை தபாலில் இலவசமாக வட்டுகளை அனுப்பியது. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே கப்பல் நங்கூரம் கடலடி வடத்தைச் சிதைத்து, நாட்டின் இணையமே ஏறத்தாழ நின்றபோது, கையிலிருந்த வட்டின் அருமை பலருக்கும் தெரிந்தது.

இன்று ‘ஆப்ட் அப்டேட்’, ‘ஆப்ட் அப்கிரேட்’ என்ற இரண்டு கட்டளைகள் போதும். 2025இல் வந்த டெபியன் 13இல் ஏறத்தாழ 70,000 பொதிகள். கொழும்பில் இருந்தபடியே மலைக்கு அப்பாலுள்ள சேர்வரைப் புதுப்பிக்கலாம். தொடர்பு அறுந்தாலும் டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓடும் வேலை அறுவதில்லை. 2022இன் நீண்ட மின்வெட்டுகளைப் போல நடுவழியில் மின்சாரமே போனாலும், எந்தப் பொதி பாதியில் நிற்கிறது என்பதை ஆப்டின் அடியில் இயங்கும் டிபிகேஜி குறித்து வைத்திருக்கும். ‘டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ என்றால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக பல்லேகம மக்கள் பழைய நகரத்தைவிட்டுப் புது நகரத்துக்குப் போனார்கள். சேர்வர் இடம்பெயர்வது எளிது: நிறுவிய பொதிகளின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் புது இயந்திரத்தில் கொடுத்தால் களஞ்சியத்திலுள்ள மென்பொருள்கள் அத்தனையும் வந்துவிடும். மனிதர்கள் பாடுபட்டுச் சேர்த்த தரவுகளுக்கும் அமைப்புக் கோப்புகளுக்கும் மட்டும் பட்டியல் உதவாது. அவற்றை நாம்தான் பத்திரமாகச் சுமந்து போக வேண்டும்.

சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அன்று ஒவ்வொரு பொதியையும் கைதொட்டு அறிந்திருந்தோம். இன்று நூறு பொதிகள் நம் கண்ணில் படாமலே இறங்குகின்றன. கையெழுத்துச் சரிபார்ப்பு, வழியில் யாரும் பொதியைப் பிரிக்கவில்லை என்று மட்டுமே உறுதி சொல்லும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கப் பொதிக்குள் கள்ளவாசல் இருந்ததை அது காட்டவில்லை. எஸ்எஸ்எச் வழியான தொலை நுழைவில் அரை விநாடித் தாமதத்தைக் கவனித்து, விடாமல் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர்தான் கண்டுபிடித்தார்.

ரிவர்ஸ்டன் ஏறி இறங்கிய மணிநேரங்களை ஆப்ட் நமக்கு மிச்சமாக்கித் தந்திருக்கிறது. அதில் ஒரு நிமிடத்தையாவது, ‘தொடரவா?’ என்று அது கேட்கும்போது மேலே விரியும் பட்டியலை வாசிக்கச் செலவிடுவோம். ‘ஒய்’யை அழுத்துவது அதன்பிறகு.