காருக்கு எவ்வளவு இடம்? கட்டட விதிகளின் பார்க்கிங் கணக்கு

புதிதாகக் கட்டடம் எழுப்புகிறவர் தம் மனைக்குள்ளேயே இத்தனை கார்கள் நிற்க இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று நகராட்சிகள் வகுக்கும் விதிக்குக் குறைந்தபட்ச வாகன நிறுத்த விதி என்று பெயர். கட்டட அனுமதிக்கு வரைபடம் கொடுக்கும்போது மாடிப்படியின் அகலத்தையும் தீயணைப்பு வண்டி நுழையும் வழியையும் பார்ப்பதுபோல் இதையும் பார்ப்பார்கள். இடம் போதாவிட்டால் அனுமதி கிடைக்காது. ஏதாவது ஒரு வடிவில் இந்த விதி பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இது மிக விரிவாக வளர்ந்ததும், இப்போது வேகமாகக் கைவிடப்படுவதும் அமெரிக்காவில்தான்.

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1923இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இப்படியொரு விதியைக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ 1939இல் மருத்துவமனைகளையும் ஹோட்டல்களையும் சேர்த்துக்கொண்டது. அப்போதைய சிக்கல் உண்மையானது. கார்கள் பெருகின, தெருவோரம் நிறைந்தது, இடம் தேடிச் சுற்றும் வண்டிகளால் கடைவீதிகள் திணறின. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. தெருவோரத்தில் நிறுத்துகிறவரிடம் காசு வாங்குவது ஒன்று. ஓக்லஹோமா சிட்டியில் 1935இல் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்டது இதற்காகவே. தெருவைத் தொடாமல், கட்டடம் கட்டுகிறவர் தலையில் பொறுப்பை ஏற்றுவது மற்றொன்று. கட்டணம் கேட்டால் வாக்காளர் முகம் சுளிப்பார். இனிமேல் வரப்போகும் கட்டடத்தில் குடியேறப்போகிறவர் இன்னும் வாக்காளரே ஆகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரங்கள் இரண்டாவது வழியையே பெரிதும் நாடியதில் வியப்பில்லை.

விதி ஓர் அட்டவணையாக இருக்கும். ஒரு பக்கம் கட்டடத்தின் பயன்பாடு, மறுபக்கம் கார்களின் எண்ணிக்கை. வீடு என்றால் ஒரு வீட்டுக்கு இத்தனை, மருத்துவமனை என்றால் ஒரு படுக்கைக்கு இத்தனை, திரையரங்கு என்றால் இருக்கைக்கு இத்தனை, கடை என்றால் சதுர அடிக்கு இத்தனை. நூற்றுக்கணக்கான பயன்பாடுகளுக்குத் தனித்தனிக் கணக்கு எழுதிய நகரங்கள் உண்டு. நீச்சல் குளத்தில் 2,500 கேலன் தண்ணீருக்கு ஒரு கார் என்றும், கன்னியர் மடத்தில் பத்துக் கன்னியருக்கு ஒரு கார் என்றும்கூட எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று துருவியவர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டொனால்ட் ஷூப். ‘இலவச பார்க்கிங்கின் பெருவிலை’ என்று பொருள்படும் தலைப்பில் 2005இல் அவர் வெளியிட்ட பெருநூல்தான் இத்துறையின் விவாதத்தையே திருப்பிப்போட்டது. 2025இல் அவர் மறைந்தார். திட்டமிடுவோர் பெரும்பாலும் பக்கத்து நகரத்தின் அட்டவணையைப் பார்த்து எழுதினார்கள், அல்லது போக்குவரத்துப் பொறியாளர் கழகத்தின் கையேட்டைப் புரட்டினார்கள் என்பது அவர் கண்டறிந்தது. கையேட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்பு, துரித உணவகத்துக்கு 1,000 சதுர அடிக்கு 9.95 இடம் என்று தசமப் புள்ளியோடு சொன்னது. அதற்கு ஆதாரம் 18 உணவகங்களில் எடுத்த கணக்கு. அந்தப் பதினெட்டிலும் தேவை 3.55 முதல் 15.92 வரை சிதறிக் கிடந்தது. கட்டடப் பரப்புக்கும் கார்களின் எண்ணிக்கைக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பே தெரியவில்லை. தவிர, இத்தகைய கணக்குகள் பெரும்பாலும் பேருந்து வசதி குறைந்த, பார்க்கிங் இலவசமான புறநகர்களில், கூட்டம் மிகுந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை. இலவசமாகக் கொடுத்தால் எவ்வளவு தேவைப்படும் என்று அளந்து, அந்த அளவைச் சட்டமாக்கி, அதனாலேயே மேலும் இலவச இடத்தை உருவாக்கி, பிறகு அதையே மறுபடி அளப்பது. கணக்கு தன் வாலைத் தானே பிடித்துச் சுற்றியது.

விளைவு முதலில் நிலத்தில் தெரிந்தது. கார் நிற்கும் கட்டத்தோடு, அது உள்ளே வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 300 முதல் 350 சதுர அடி தேவை. அலுவலகத்துக்கு 1,000 சதுர அடிக்கு 4 இடம் என்பது அமெரிக்கப் புறநகர்களில் சாதாரணம். அப்படியானால் ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் பரப்பைவிடக் கார் நிற்கும் பரப்பு அதிகம். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் மட்டும் 1.86 கோடி வாகன நிறுத்த இடங்கள் இருப்பதாகவும், நகராட்சிகளுக்கு உட்பட்ட நிலத்தில் 14 சதவீதத்தை அவை பிடித்துக்கொண்டிருப்பதாகவும் 2015இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

அடுத்து விலை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓக்லண்ட் 1961இல் ஒரு வீட்டுக்கு ஒரு கார் இடம் என்று கட்டாயமாக்கியது. அதற்கு முன்பும் பின்பும் எழுந்த அடுக்குமாடிகளை ஒப்பிட்டபோது, ஒரு வீட்டுக்கான கட்டுமானச் செலவு 18 சதவீதம் உயர்ந்திருந்தது. ஓர் ஏக்கரில் கட்டப்பட்ட வீடுகள் 30 சதவீதம் குறைந்திருந்தன. இந்தச் செலவு எந்த ரசீதிலும் தனி வரியாக வருவதில்லை. அது வாடகையிலும் வீட்டு விலையிலும் கடைச்சாமானின் விலையிலும் கரைந்துவிடுகிறது. அமெரிக்க நகர்ப்புறங்களில் வாடகை வீட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படும் கராஜ் இடத்துக்காகக் குடியிருப்பவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 டாலர் கொடுக்கிறார் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. காரே இல்லாத ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும் அந்தப் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன. பேருந்தில் போகிறவர் காரில் போகிறவருக்கு உதவித்தொகை கொடுக்கும் விசித்திரம் இது. விதியின் மீதான மிகக் கடுமையான குற்றச்சாட்டும் இதுவே.

கலைக்கும் இந்தப் பாரம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் வால்ட் டிஸ்னி இசை அரங்கம் எழும்புவதற்கு முன்பே அதன் அடியில் ஆறு தளங்களில் 2,188 கார்களுக்கான நிலவறை 1996இல் தயாராகிவிட்டது. செலவு 11 கோடி டாலர். மேலே கட்ட வேண்டிய அரங்கமோ நன்கொடை திரட்டித் திறக்க 2003 வரை காத்திருந்தது. நிலவறைக்கு வாங்கிய கடனை அடைக்க, ஒவ்வொரு குளிர்காலப் பருவத்திலும் 128 கச்சேரிகளாவது நடத்த வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தம் நிபந்தனை போட்டது. கார் வருவதற்காகக் கச்சேரி என்றாகிவிட்டது. இதற்கு மாறாக, சான் ஃபிரான்சிஸ்கோவின் டேவிஸ் இசை அரங்கம் 1980இலேயே சொந்தக் கராஜ் இல்லாமல் திறக்கப்பட்டது.

விதியைத் தளர்த்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே லாஸ் ஏஞ்சலிஸ் சாட்சி. நகர மையத்தில், குறிப்பாக ஸ்பிரிங் தெருவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய அழகிய வங்கி, அலுவலகக் கட்டடங்கள் பல ஆண்டுகளாகப் பாழடைந்து கிடந்தன. அவற்றை வீடுகளாக மாற்ற ஆள் இருந்தும், புதிய பார்க்கிங் கட்ட அங்கே இடம் இல்லை. அத்தகைய பழைய கட்டடங்களுக்குப் புதிய வாகன நிறுத்தம் தேவையில்லை என்று 1999இல் விதி மாறியதும் அவற்றில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறின. கட்டடக்காரர்கள் பார்க்கிங்கே வேண்டாம் என்று விட்டுவிடவும் இல்லை. பக்கத்து மனையில் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். தேவைக்கேற்பக் கூட்டினார்கள், குறைத்தார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ 2017இல் நகரம் முழுவதும் கட்டாயத்தை நீக்கியது. அதன்பின் அங்கே எழுந்த பெரிய கட்டடங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 47 சதவீதம் பழைய விதி கேட்டதைவிடக் குறைவான இடமே ஒதுக்கியிருந்தன. கடையும் வீடும் கலந்த கட்டடங்களில் குறைப்பு பாதிக்கும் மேல். ஒரே பயன்பாடு உள்ள கட்டடங்களோ பழைய அளவையே ஒட்டியோ, அதற்கு மேலாகவோ கட்டின. விதி போனால் பார்க்கிங் மாயமாகிவிடும் என்ற அச்சமும், கார்கள் மறைந்துவிடும் என்ற கனவும் ஒருங்கே பொய்த்தன. மினியாபொலிஸ் 2021இலும், டெக்சஸின் ஆஸ்டின் 2023இலும் பஃபலோவைப் பின்பற்றின. முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைல் தூரத்துக்குள் நகரங்கள் இப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கலிஃபோர்னியா 2022இல் சட்டம் இயற்றியது. முழு நீக்கத்தை முன்வைத்த நியூயார்க் நகரம் 2024 டிசம்பரில் சமரசத்துக்கு இறங்கி, ரயில் வசதி மிகுந்த பகுதிகளில் நீக்கிவிட்டுத் தொலைவான பகுதிகளில் தக்கவைத்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில் லண்டன் 2004லேயே கணக்கைத் தலைகீழாக்கி, குறைந்தபட்சத்துக்குப் பதில் அதிகபட்ச வரம்பு வைத்துவிட்டது.

விதி நீக்கத்தை எதிர்ப்பவர்களின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. புதுக் கட்டடத்தில் இடம் இல்லாவிட்டால் அங்கே குடிவருகிறவரின் கார் அக்கம்பக்கத்துத் தெருவில்தான் வந்து நிற்கும். தெருவோரம் இலவசமாக இருக்கும்வரை இது நடக்கத்தான் செய்யும். அதனால்தான் விதி நீக்கத்தோடு தெருவோரக் கட்டணமும் வர வேண்டும், அந்தப் பணம் அதே பகுதிக்குத் திரும்ப வேண்டும் என்று ஷூப் வலியுறுத்தினார். கலிஃபோர்னியாவின் பழைய பாசடீனா கடைவீதியில் 1993இல் மீட்டர் வந்தபோது, வசூலான பணம் அந்த வீதியின் நடைபாதைக்கும் விளக்குகளுக்கும் துப்புரவுக்குமே செலவாயிற்று. எதிர்த்த கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டது அந்த வாக்குறுதியால்தான். ஜப்பானின் வழி வேறு. அங்கே 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்குகிறவரே வீட்டிலிருந்து 2 கி.மீ. தூரத்துக்குள் தமக்கு நிறுத்துமிடம் இருப்பதைக் காவல் நிலையத்தில் நிரூபிக்க வேண்டும். பொறுப்பு வீட்டின் மீது இல்லை, காரின் மீது.

இந்தியா இன்னும் அமெரிக்காவின் பழைய பாதையில் இருக்கிறது. டெல்லியின் 2021 முதன்மைத் திட்டம் குழுக் குடியிருப்புகளில் 100 சதுர மீட்டருக்கு 2 கார் இடம் கேட்கிறது. கார் அடித்தளத்தில் நின்றால் ஒன்றுக்கு 32 சதுர மீட்டர் என்று கணக்கு. ஆக, 100 சதுர மீட்டர் வீட்டுக்குக் கீழே 64 சதுர மீட்டர் கார்களுக்கு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வீட்டின் பரப்பை வைத்துக் காரையும் இருசக்கர வாகனத்தையும் கணக்கிடுகின்றன. சென்னையில் தூண்கள்மேல் நிற்கும் ஃபிளாட்டுகளும், தரைத்தளம் முழுக்கக் கார்களாக இருக்கும் தெருக்களும் இத்தகைய விதிகளின் முகம்தான்.

அமெரிக்கச் சீர்திருத்தக்காரர்கள் வேண்டுவது வீட்டையும் கார் இடத்தையும் தனித்தனியே விற்பதை. வேண்டாதவர் வாங்காமல் விடலாம். இந்தியச் சட்டமோ வேறு காரணத்துக்காக எதிர்த்திசையில் போயிருக்கிறது. கட்டடக்காரர் தூண்களுக்கிடையே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாக விற்க முடியாது, அது குடியிருப்போரின் பொது இடம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) திறந்தவெளி பார்க்கிங்கைப் பொதுப் பரப்பில் சேர்த்தது. வாங்குகிறவரை ஏமாற்றத்திலிருந்து காப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் கார் இல்லாதவரும் அந்தப் பரப்புக்கு விலை கொடுத்தே தீர வேண்டும் என்பதையும் இது உறுதிசெய்துவிடுகிறது. தெருவோரத்துக்கு ஒழுங்கான கட்டணமும் நடக்கத் தகுந்த நடைபாதையும் வராமல் இங்கே விதியை மட்டும் எடுத்துவிட்டால் தெருக்கள் தாங்காது. மெட்ரோ நிலையங்களை ஒட்டிய பகுதிகளில் இரண்டையும் சேர்த்துச் செய்து பார்க்கத் தடை ஒன்றும் இல்லை. தொடங்க வேண்டிய இடமும் அதுவே.