நகரம் யாருடையது?

விளையாட்டைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவதா என்று நேயர்களிற் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். கம்ப்யூட்டர் விளையாட்டு என்பது சிறுவர்கள் பொழுதை வீணாக்கும் கருவி என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருந்து வருகிறது. ஆயினும், உலகத்தில் கோடிக்கணக்கான வயது வந்த ஸ்திரீ புருஷர்கள் இவற்றிற்காகத் தங்கள் சம்பாத்தியத்தில் ஒரு பங்கையும், அதைவிட அரிய ஓய்வு நேரத்தையும் செலவிட்டு வருகிறார்கள். ஒரு பெயரை நம்பிப் பொருள் கொடுத்தவர்கள் ஏமாற்றமடையும்போது, கொண்ட சரக்கு நெல்லா, நூலா, விளையாட்டா என்று பார்த்து நியாயம் மாறுவதில்லை. ஆகவே, நீண்டகாலமாக ஜனங்களின் அபிமானத்தைப் பெற்றிருந்த நகர நிர்மாண விளையாட்டுகள், பத்து வருஷ இடைவெளியில் இருமுறை அந்த அபிமானத்தைப் பறிகொடுத்த சரித்திரத்தை இன்று ஆராய விரும்புகிறோம்.

மிஸ்டர் வில் ரைட் என்னும் அமெரிக்கர் 1984-ம் வருஷத்தில் வெளிவந்த ஒரு யுத்த விளையாட்டைத் தயாரித்தவர். ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளின் மீது குண்டு போடுவதே அதில் ஆடுபவருடைய வேலை. ஆனால், குண்டு போடுவதைக் காட்டிலும், அத்தீவுகளில் வீதிகளையும் கட்டிடங்களையும் அமைப்பதே தமக்கு அதிக ஆனந்தம் தருவதை அவர் கண்டார். அந்த ஆனந்தத்தையே ஒரு தனி விளையாட்டாக்க முயன்றார். வெற்றியும் தோல்வியும் இல்லாத விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று பிரசுரகர்த்தர்கள் தயங்கினார்கள். முடிவில், மிஸ்டர் ஜெப் பிரவுன் என்பவருடன் சேர்ந்து 1987-ல் மாக்ஸிஸ் என்ற ஸ்தாபனத்தை அவர் ஏற்படுத்தினார். 1989-ல் சிம்சிட்டி வெளிவந்தது.

அதன் அமைப்பு எளிது. வெறும் நிலம் ஒன்று ஆடுபவரின் கையில் ஒப்படைக்கப்படும். அவரே நகரத் தலைவர். வீடுகளுக்கு இன்ன இடம், வியாபாரத்திற்கு இன்ன இடம், தொழிற்சாலைகளுக்கு இன்ன இடம் என்று அவர் பிரித்து விடுகிறார், வீதி போடுகிறார், மின்சாரம் கொடுக்கிறார், வரி விதிக்கிறார். ஜனங்கள் தாமாகவே குடியேறுகிறார்கள். வரி மிகுந்தால் வெளியேறுகிறார்கள். தொழிற்சாலையின் புகை வீட்டு மனைகளின் மதிப்பைக் குறைக்கிறது. செய்ததற்குப் பலன், செய்யாததற்கும் பலன் என்ற நியதி அந்தச் சிறு உலகத்தில் நடைபெறுகிறது. நகர பரிபாலனத்தின் கஷ்டத்தை எத்தனையோ நூல்களைப் படித்தும் உணராதவர்கள், இதை ஆடிய சில நாட்களில் உணர்ந்தார்கள் என்றால் அது மிகையாகாது.

அடுத்தடுத்த பதிப்புகளும் பெயரைக் காப்பாற்றின. 1993-ல் சிம்சிட்டி 2000, 1999-ல் சிம்சிட்டி 3000, 2003-ல் சிம்சிட்டி 4 ஆகியவை வந்தன. இதற்கிடையே 1997-ல் மாக்ஸிஸ் ஸ்தாபனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெரிய கம்பெனி விலைக்கு வாங்கியது. நான்காம் பதிப்பில் ஒரு நகரத்தின் நிலம் நான்கு கிலோமீட்டர் நீளமும் நான்கு கிலோமீட்டர் அகலமும் வரை விரிந்தது. அத்தகைய நகரங்கள் பல சேர்ந்து ஒரு பிரதேசமாயின. ஆடுபவர்கள் தாங்களே புதிய வீதிகளையும் ரயில் பாதைகளையும் மாளிகைகளையும் சிருஷ்டித்து, ஒருவருக்கொருவர் இனாமாக வழங்கிக் கொண்டார்கள். கம்பெனி கைவிட்ட பிறகும் அந்த விளையாட்டைப் பல வருஷங்கள் உயிருடன் வைத்திருந்தவர்கள் இவ்வபிமானிகளே.

இத்தகைய அபிமானிகள் பத்து வருஷம் காத்திருந்து, 2013 மார்ச் 5-ந் தேதி அமெரிக்காவில் வெளிவந்த புதிய சிம்சிட்டியை ஆவலுடன் வாங்கினார்கள். அவர்கள் கண்டது யாது? தனியாக அமர்ந்து ஆடுவதற்கும்கூட இன்டர்நெட் மூலம் கம்பெனியின் சர்வருடன் இடையறாத தொடர்பு வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. வெளியான அன்றே சர்வர்கள் கூட்டத்தைத் தாங்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் தங்கள் நகரத்திற்குள் நுழைவதற்கு வரிசையில் காத்திருந்தார்கள். பாரத்தைக் குறைப்பதற்காகக் காலத்தை வேகமாக ஓட்டும் வசதியையும் கம்பெனி தற்காலிகமாக எடுத்துவிட்டது. பிரபல விற்பனை ஸ்தாபனமாகிய அமேசானும் இதன் டிஜிட்டல் பிரதியின் விற்பனையைச் சில காலம் நிறுத்தி வைத்தது. கம்பெனியார் பரிகாரமாக வேறொரு விளையாட்டை இனாமாகக் கொடுத்தார்கள். கேட்டது சொந்த வீட்டின் சாவி. கிடைத்தது சந்தைக் கடையில் ஒரு பொம்மை!

கூட்டம் குறைந்து கதவு திறந்த பின்னரும் குறை தீரவில்லை. நகரத்தின் நிலம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சதுரமாகச் சுருங்கியிருந்தது. அதாவது, பத்து வருஷங்களுக்கு முந்திய பதிப்பின் பெரிய நகரத்தில் காற்பங்கு. ஒவ்வொரு பிரஜையையும் தனித்தனியே நடமாட விடும் புதிய ஏற்பாடு மிகவும் மெச்சப்பட்டிருந்தது. ஆனால், அப்பிரஜைகளுக்கு நிலையான வீடும் இல்லை, நிலையான வேலையும் இல்லை. காலையில் அகப்பட்ட வேலைக்குப் போய், மாலையில் அகப்பட்ட காலி வீட்டில் புகுந்து கொண்டார்கள். எல்லோரும் குறுக்கு வழி ஒன்றையே நாடியதால், பக்கத்தில் அகன்ற வீதி வெறிச்சோடிக் கிடக்க, ஒற்றைச் சந்தில் வண்டிகள் அடைத்துக் கொண்டு நின்றன. செய்ததற்குத் தக்க பலன் என்ற ஆதி தர்மம் இங்கே குலைந்தது. எதைச் செய்தாலும் பலன் புரியாத இடத்தில் நகரத் தலைவருக்கு வேலை ஏது?

கம்பெனியின் சமாதானத்தையும் கேட்க வேண்டியது நியாயம். பல நகரங்கள் ஒன்றோடொன்று கூடி வாழ்வதே தங்கள் உத்தேசம் என்றும், கணக்கின் முக்கிய பாகம் சர்வரிலேயே நடைபெறுகிறது என்றும் கூறினார்கள். உத்தேசம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால், வெளியான சில நாட்களுக்குள்ளேயே, சர்வரின் தொடர்பை அறுத்துவிட்டாலும் நகரம் நடைபெறும் என்பதை ஓர் அபிமானி செய்தே காட்டிவிட்டார். பின்னர், 2014 மார்ச்சில், தொடர்பின்றித் தனியே ஆடும் வசதியைக் கம்பெனியே வழங்கியது. முடியாதென்று சொல்லப்பட்டது ஒரு வருஷத்தில் முடிந்தது. முதல் இரண்டு வாரங்களில் 11 லட்சம் பிரதிகள் விற்றன என்று கம்பெனி அறிவித்தது உண்மையே. ஆனால் அந்த 11 லட்சமும் பழைய பதிப்புகள் சேர்த்து வைத்த நம்பிக்கையின் மீது எடுத்த பணமாகும். புதிய பதிப்பு சம்பாதித்த நம்பிக்கைக்கு அத்தாட்சியாகாது.

2015 மார்ச்சில் இரண்டு சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. எமரிவில் நகரிலிருந்த மாக்ஸிஸ் ஸ்தாபனத்தின் பழைய நிலையம் மூடப்பட்டது. அதே மாதம் 10-ந் தேதி, பின்லாந்து தேசத்தில் டாம்பரே நகரத்தில் உள்ள கொலாஸல் ஆர்டர் என்ற சிறு ஸ்தாபனம் தயாரித்து, ஸ்வீடன் தேசத்துப் பாரடாக்ஸ் கம்பெனி பிரசுரித்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற விளையாட்டு வெளிவந்தது. அதைத் தயாரித்தவர்கள் பத்துப் பதினைந்து பேருக்குள் அடங்குவர். அதில் நிலம் விசாலம். இன்டர்நெட் தொடர்பு கட்டாயமில்லை. ஆடுபவர்கள் தங்கள் சிருஷ்டிகளைச் சேர்த்துக் கொள்ளும் வழி முதல் நாளிலிருந்தே திறந்திருந்தது. ஒரு மாதத்திற்குள் 10 லட்சம் பிரதிகளும், 2022-க்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகளும் விற்றன. பெரிய கம்பெனி தவறவிட்ட நம்பிக்கையைச் சிறிய ஸ்தாபனம் ஏந்திக் கொண்டது. பழைய அபிமானிகள் புதிய பெயரொன்றைத் தங்கள் சொந்தமாக ஏற்றுக் கொண்டார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் இதை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது. 2023 அக்டோபர் 24-ந் தேதி சிட்டீஸ் ஸ்கைலைன்ஸின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. தாங்கள் நிர்ணயித்த வேகத்தை அது எட்டவில்லை என்பதை வெளியீட்டிற்குச் சில தினங்கள் முன்னதாகத் தயாரிப்பாளர்களே ஒப்புக் கொண்டார்கள். ஒப்புக் கொண்டும் குறித்த தேதியில் விற்றார்கள். விலையுயர்ந்த கம்ப்யூட்டர்களும் திணறின. காரணத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். ஆகாயத்திலிருந்து பார்த்தால் எறும்பைப் போலத் தோன்றும் பிரஜைகள் ஒவ்வொருவருக்கும், வாய்க்குள்ளே பல்வரிசை நுட்பமாகச் செதுக்கப்பட்டிருந்தது; எத்தனை தூரத்தில் இருந்தாலும் யந்திரம் அந்த நுணுக்கத்தை விடாமல் சுமந்து கொண்டிருந்தது. யாரும் பார்க்கப் போகாத பற்களுக்குச் செலவிட்ட சக்தி, எல்லோரும் பார்த்துக் கொண்டிருக்கும் நகரத்திற்குக் கிட்டவில்லை.

பற்களைப் பற்றிச் சிரித்துவிட்டுப் போகலாம். நகரத்தின் பொக்கிஷத்தைப் பற்றிச் சிரிப்பதற்கில்லை. ஆடுபவர் எவ்வளவு ஊதாரித்தனமாகச் செலவிட்டாலும், சர்க்கார் உதவித்தொகை தானே வந்து குறையை நிரப்பியது. திவாலாவது அரிது, ஆகையால் திறமையாக நடத்துவதற்கும் மதிப்பில்லை. 2024 ஜூன் மாதத்துத் திருத்தத்தில்தான் அந்த உதவித்தொகை நீக்கப்பட்டது. அபிமானிகளின் சொந்தச் சிருஷ்டிகளைச் சேர்க்கும் வழியும் ஆரம்பத்தில் அடைபட்டிருந்து, 2024 மார்ச்சில் சோதனை நிலையிலேயே திறந்தது. அதே மாதத்தில் கடற்கரை வீடுகள் அடங்கிய ஓர் உபரிப் பாகத்தைத் தனி விலைக்கு விற்க முன்வந்தார்கள். கண்டனம் பெருகவே, மூன்று வாரத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகவும், அப்பாகத்தை எல்லோருக்கும் இனாமாக வழங்குவதாகவும் அறிவித்தார்கள். 2025 நவம்பரில், இவ்விளையாட்டின் பொறுப்பு கொலாஸல் ஆர்டரிடமிருந்து வேறொரு ஸ்தாபனத்திற்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பும் வெளிவந்தது. எவருடைய வீழ்ச்சியால் உயர்ந்தார்களோ, அவர்கள் வழியிலேயே தாமும் சென்றார்கள்.

இருவருடைய குற்றமும் வெளித்தோற்றத்தில் வேறு. முன்னவர்கள் விற்ற வீட்டின் சாவியைத் தம்மிடமே வைத்துக் கொண்டார்கள். பின்னவர்கள் கூரை வேயாத வீட்டை விற்றார்கள். மூலகாரணம் ஒன்றே. நல்ல பெயர் என்பதைத் தங்கள் முதலாக இருவரும் எண்ணினார்கள். உண்மையில் அது ஜனங்கள் தங்களிடம் கொடுத்து வைத்த கடன். முந்திய பதிப்பில் ஒருவர் கழித்த இரவுகளும், கட்டிய பாலங்களும், நண்பர்களுக்குக் காட்டி மகிழ்ந்த நகரங்களும் சேர்ந்தே அந்தப் பெயருக்கு மதிப்பளித்தன. அந்த மதிப்பைக் காட்டி விலை கேட்பவர்கள், முந்தியது தந்த சுதந்திரத்தில் அணுவளவும் குறைக்காமல் புதியதைத் தர வேண்டியவர்களாகிறார்கள்.

புதுமை கூடாதென்று நாம் சொல்லவில்லை. புது முயற்சியில் பிழை நேர்வது இயல்பு. அதை ஜனங்கள் மன்னிக்கவும் செய்வார்கள். ஏமாற்றம் அடைந்தவர்கள் தயாரிப்பு வேலை செய்த ஊழியர்களின் மீது வசைமாரி பொழிவதும் நமக்குச் சம்மதமன்று. வெளியிடும் தேதியை நிச்சயிப்பவர் வேறு, இரவும் பகலும் உழைப்பவர் வேறு. வசையைக் காட்டிலும் வலிய ஆயுதம் வாங்குபவரின் கையிலேயே இருக்கிறது. வெளிவராத சரக்கிற்கு முன்பணம் கட்டும் வழக்கத்தை அவர்கள் விட்டொழிக்க வேண்டும். வெளிவந்து, பிறர் ஆடிப் பார்த்து, குறைநிறை தெரிந்த பின்னர் வாங்கினால், முற்றுப்பெறாத பொருளை விற்கும் துணிவு யாருக்கும் உண்டாகாது.

சட்டமும் மெல்ல விழித்துக் கொண்டு வருகிறது. டிஜிட்டல் பொருளை வாங்குபவருக்குக் கிடைப்பது சொந்த உரிமையல்ல, உபயோகிக்கும் அனுமதியே என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியா ராஜ்யத்தில் 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. விற்ற விளையாட்டைக் கம்பெனிகள் பிற்பாடு ஆட முடியாதபடி செய்துவிடலாகாது என்று கோரும் ஐரோப்பிய விண்ணப்பத்தில் 2025-ல் 10 லட்சத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். விளையாட்டுக்காரர்களின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடுவது தவறு. இன்று விளையாட்டுக்கு நேர்ந்தது நாளை புத்தகத்திற்கும் சங்கீதத்திற்கும் நேரலாம்.

1989-ல் வெளிவந்த முதல் சிம்சிட்டியின் மூலநிரல், 2008-ல் ஏழைக் குழந்தைகளுக்கு மலிவான கம்ப்யூட்டர் வழங்கும் இயக்கத்திற்காக, மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் யாவரும் எடுத்தாளும்படி பகிரங்கமாக்கப்பட்டது. அதற்கு எந்தச் சர்வரின் தயவும் வேண்டுவதில்லை. அதன் சித்திரங்கள் எளியவை. பிரஜைகளுக்குப் பல் மாத்திரமன்று, முகமே கிடையாது. ஆனால், அங்கே ஒரு சிறுவன் வீதியைப் போட்டால் அது அவன் போட்ட வீதி. வரியை உயர்த்தி ஊரைக் காலி செய்தால் அது அவன் செய்த பிழை. நகரம் ஆடுபவருடையது என்ற அந்தப் பழைய பாடத்தை மறவாதவர்களுக்கே இனி அப்பெயரை ஏந்தும் அருகதை உண்டு என்பது நமது துணிபு.