பூனைக்குட்டிக்கு உடம்பு சரியில்லையா?

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து அடைமழையில், பள்ளியிலிருந்து திரும்பிய என் மகளின் கையில் ஒரு பூனைக்குட்டி இருந்தது. மளிகைக் கடை வாசற்படியோரம் கிடந்ததாம். தொப்பலாக நனைந்திருந்தது. பிறந்து ஐந்து வாரம் ஆகியிருக்கலாம். தாய்ப்பூனை அக்கம்பக்கத்தில் இல்லை. குட்டி கத்தக்கூட இல்லை. அது எவ்வளவு கெட்ட அறிகுறி என்பது எனக்கு அப்போது தெரியாது.

பசி மயக்கம் என்று வீட்டில் எல்லோருமாகத் தீர்மானித்தோம். பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, கைக்குழந்தைக்குப் புகட்டும் சங்கில் ஊற்றி, குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டு நானே புகட்டினேன். பாதி உள்ளே போயிற்று. பாதி மூக்கு வழியாக வந்தது. விடிவதற்குள் குட்டி இறந்துவிட்டது.

மறுநாள் எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சார், பால் கொடுக்கறதுக்கு முன்னாடி குட்டியோட உடம்பு சூடா இருந்துதா?" கல்லூரியில் வெப்பவியல் நடத்துகிற எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் இப்படி ஒரு குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்திருப்பீர்கள். அது நோயுற்றிருப்பதை எப்படிக் கண்டுகொள்வது, கண்டதும் முதலில் என்ன செய்வது என்று பார்ப்போம்.

சிறிய உடல், பெரிய பரப்பு

மழையில் நனைந்த பெரிய பூனை உடலைச் சிலிர்த்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து நக்கிக்கொள்கிறது. குட்டி மட்டும் ஏன் சாகக் கிடக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெரிய பூனையின் எடை 4 கிலோ என்றும், குட்டியின் எடை அரைக் கிலோ என்றும் கொள்வோம். எடை எட்டில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே வடிவம் என்றால், குட்டியின் நீளம் பெரிய பூனையின் நீளத்தில் பாதி. புறப்பரப்பு கால் பங்கு. எடை எட்டில் ஒன்றாகக் குறைந்தும் பரப்பு நான்கில் ஒன்றாகவே குறைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கிராம் உடலுக்கும் குட்டிக்கு இரு மடங்குத் தோல் இருக்கிறது. வெப்பம் உண்டாவது உடலுக்குள். வெளியேறுவதோ பெரும்பாலும் தோல் வழியாக. நீளம், பரப்பு, கன அளவு ஆகியவற்றிடையே உள்ள இந்த உறவைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் கடைசி நூலில் விளக்கினார். அவர் எலும்புகளின் வலிமையைப் பற்றிப் பேசினார். நமக்கு அது பூனைக்குட்டியின் உடல் வெப்பத்துக்குப் பயன்படுகிறது.

அடுத்து நனைந்த உரோமம். குட்டியின் உரோமத்தில் 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டித் தண்ணீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் நீர் உடல் வெப்பநிலையில் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். (பாடநூலில் உள்ள 540, கொதிநிலைக்கு உரியது. மேலும் இது பிஸ்கட் பொட்டலத்தில் அச்சிடும் கலோரி அன்று. அது இதைப்போல் ஆயிரம் மடங்கு.) 20 கிராமுக்கு 11,600 கலோரி. குட்டியின் தன்வெப்பத்தை 0.83 என்று கொண்டால், அதன் அரைக் கிலோ உடல் ஒரு டிகிரி குளிர்வதற்கு 415 கலோரி இழந்தால் போதும். இந்த ஈரம் முழுவதும் உடற்சூட்டாலேயே உலர்வதானால் உடல் 28 டிகிரி குளிர வேண்டும்! காற்றும் வெப்பம் தருகிறது, உடலும் வெப்பத்தை உண்டாக்குகிறது; எனவே அப்படி நடப்பதில்லை. ஆனால் கால் பங்கு மட்டும் உடலின் சேமிப்பிலிருந்து போனாலும் 7 டிகிரி இறங்கிவிடும். 38-இலிருந்து 31.

இந்த நிலையில்தான் நான் பால் கொடுத்தேன். உடல் வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும்போது குட்டியின் குடல் அசைவு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. உள்ளே போன பால் செரிக்காது. வயிற்றிலேயே கிடந்து கெடும். விழுங்கும் ஆற்றலும் தளர்ந்திருப்பதால் பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மல்லாத்திப் போட்டுப் புகட்டினால் கேட்கவே வேண்டாம். முதலில் துடைத்து உலர்த்த வேண்டும். பிறகு மெல்லச் சூடேற்ற வேண்டும். உணவு அதற்குப் பின்னர்தான். நான் முதலில் செய்தது கடைசியில் செய்ய வேண்டியதை.

சூடேற்றுவது எப்படி? ஒரு லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறு பாதி வெறுமையாக இருக்கட்டும். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். அந்த நீர் 45 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஆறும்போது 7,000 கலோரி தருகிறது. அது பெட்டியிலும் காற்றிலும் பங்கு போய்விடும். ஆகவே அவ்வப்போது நீரை மாற்ற வேண்டியிருக்கும். ஓரிரு மணி நேரம் நிதானமாகச் சூடேற்றுவதே நல்லது. முன்பெல்லாம் 60 வாட் குண்டு பல்பைப் பெட்டிக்கு மேல் தொங்கவிடுவார்கள். இன்று வீட்டில் இருப்பது 9 வாட் எல்.இ.டி. விளக்கு. அது வெளிச்சம் தரும். குட்டிக்குக் குளிர் போகாது.

தராசு சொல்லும் செய்தி

நனைந்த குட்டியைக் கண்டால் யாருக்கும் தெரியும். மறைந்து வளரும் நோயைக் கண்டுகொள்வதுதான் கடினம். பூனை தன் நோயை எளிதில் வெளிக்காட்டாத பிராணி. அது 'உர்ர்' என்று உறுமிக்கொண்டே படுத்திருந்தால் சுகமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். வலியிலும் நோயிலும்கூடப் பூனை அப்படி உறுமுவதுண்டு. மூக்கு ஈரமாக இருந்தால் ஆரோக்கியம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதையும் நம்புவதற்கில்லை.

நம்பத் தகுந்த கருவி ஒன்று பலர் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது: ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு. பூனைக்குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும். பிறகு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஏறும். தினமும் ஒரே நேரத்தில், உணவுக்கு முன், ஒரு கிண்ணத்தில் உட்கார வைத்து நிறுத்து, வரைபடத்தாளில் புள்ளி வையுங்கள். ஒரே நேரம், உணவுக்கு முன் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? குட்டி ஒரு வேளை தின்பதே 10 கிராமுக்கு மேல் இருக்கும். காலையில் ஒரு நாளும் மாலையில் ஒரு நாளுமாக நிறுத்தால், வளர்ச்சியையும் வயிற்றில் கிடக்கும் சோற்றையும் பிரித்தறிய முடியாது.

ஒரு நாள் எடை ஏறாவிட்டால் கவனியுங்கள். இரண்டு நாள் ஏறாவிட்டாலோ, ஒரு நாளில் இறங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஏனெனில் குட்டியின் சேமிப்பு மிகக் குறைவு. பெரிய மனிதர் ஒருவர் ஒரு நாள் பட்டினி கிடந்தால் சோர்வோடு போயிற்று. இரண்டு மாதக் குட்டி அரை நாள் உணவைத் தொடாவிட்டாலே இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். கழிச்சல் கண்டால் நீரும் அவ்வாறே போகிறது. அரைக் கிலோ குட்டிக்கு 50 கிராம் நீர், அரைத் தம்ளர் காப்பியின் அளவு, உடலில் பத்தில் ஒரு பங்கு. ஒரே இரவில் அது வெளியேறிவிடும்.

ஈறும் மூச்சும்

உங்கள் விரல் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்து, உடனே சிவக்கிறது அல்லவா? குட்டியின் மேலுதட்டைத் தூக்கி ஈறையும் அப்படியே மெல்ல அழுத்திப் பார்க்கலாம். இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நலமான ஈறு இளஞ்சிவப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். விரலில் ஒட்டினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. (பிடரித் தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை மிக இளம் குட்டிகளில் சரியான விடை தருவதில்லை.) மஞ்சள் நிறமாயின் காமாலை. நீலமோ பழுப்போ ஆயின் இரத்தத்தில் ஆக்சிஜன் போதவில்லை. ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

ஈறு வெளுத்திருந்தால் இரத்தச்சோகை. பல குட்டிகளுக்கு அதன் காரணம் உரோமத்துக்குள்ளேயே இருக்கிறது: தெள்ளுப்பூச்சி. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்குச் சுமார் 13 மைக்ரோ லிட்டர் இரத்தம் குடிக்கும். அற்பம் என்று தோன்றுகிறதா? நூறு தெள்ளு குடிப்பது 1.3 மில்லி லிட்டர். அரைக் கிலோ குட்டியின் மொத்த இரத்தமே சுமார் 33 மில்லி லிட்டர்தான். அதாவது நாள்தோறும் நூற்றுக்கு நான்கு பங்கு. வளர்ந்த மனிதர் ஒருவர் தினமும் அரைப் புட்டி இரத்ததானம் செய்வதற்கு இது சமம். சோதனையும் எளிது. குட்டியின் உரோமத்தைச் சீவி, விழும் கறுப்புத் துகள்களை ஈர வெள்ளைத் தாளில் போடுங்கள். மண்ணானால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சமானால் அதிலுள்ள செரித்த இரத்தம் கரைந்து செம்பழுப்பாகப் பரவும். தெள்ளு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நாய்க்கு உரிய சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு.

தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அமைதியாகத் தூங்கும் குட்டி நிமிடத்துக்கு 40-க்கு மேல் மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு. பூனை அப்படி இரைத்தால் பெரும்பாலும் ஆபத்து.

வெப்பநிலை அளப்பது பெரியவர் துணையோடு செய்ய வேண்டிய வேலை. மின்னணு வெப்பமானியின் முனையில் எண்ணெய் தடவி, ஆசனவாயில் மெல்லச் செருக வேண்டும். ஒன்றிரண்டு மாதக் குட்டிக்கு 38 முதல் 39 டிகிரி வரை இயல்பு. 40 எட்டினாலும், 37-க்குக் கீழே இறங்கினாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை அளக்கிறது. பூனையின் பரப்பு உரோமம். கருவியே இல்லாவிட்டால் குட்டியின் வாய்க்குள் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். நம் விரலைவிட நலமான குட்டியின் வாய் சூடானது. சில்லென்று இருந்தால் சூடேற்றும் வேலையைத் தொடங்குங்கள். துவண்டு கிடக்கும் குட்டிக்குச் சர்க்கரை நீரை ஒரு துளி ஈறில் தடவலாம். வாயில் ஊற்றக் கூடாது.

செய்யக் கூடாதவை

காய்ச்சல் என்றதும் பாரசிட்டமால் நினைவுக்கு வரும். பூனைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. நம் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அந்த மருந்தோடு ஒரு சர்க்கரை அமிலத்தைக் கோத்துச் சிறுநீரில் கரையும்படி செய்கிறது. பூனையில் இந்த நொதிக்கு உரிய மரபணு பழுதாகிக் கிடக்கிறது. வெளியேற வழியில்லாத மருந்து நஞ்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையையே கொல்லப் போதும். ஊன் மட்டும் தின்ற மூதாதைகளுக்குத் தாவர நச்சுக்களை முறிக்கும் தேவை இல்லாததால் இந்த மரபணு பழுதாகியும் நிலைத்துவிட்டது என்று கருதுகிறார்கள். வீட்டில் தரை துடைக்கும் பினாயிலும் இதே காரணத்தால் பூனைக்கு ஆகாது. குட்டி பாதத்தை நக்கினால் அது உள்ளே போய்விடும்.

வாந்தி, கழிச்சல், உணவு மறுப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். வேகமாகப் பிரியும் செல்களை இவ்வைரஸ் தாக்குகிறது. ஆகவே குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் ஒருசேர அழிகின்றன. குட்டி நீரையும் இழக்கிறது, நோயை எதிர்க்கும் வெண்ணணுக்களையும் இழக்கிறது. கொரோனா வைரசின் கொழுப்பு உறையைச் சோப்பு கரைத்துவிடும். இதற்கு அந்த உறையே இல்லை. சோப்புக்கு அசையாமல் வீட்டு மூலையில் ஓராண்டு வரை கிடக்கும். கடையில் விற்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு நீர் சேர்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் அழியும். இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகும் வரை போட வேண்டும்.

உங்களைப் பற்றியும் ஒரு சொல். தெருக் குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, காயம் எவ்வளவு சிறியதானாலும், சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். அறிகுறி தோன்றிய பிறகு அந்நோய்க்கு மருந்து இல்லை.

பங்குனியில் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது குட்டி வந்தது. இம்முறை முதலில் எடுத்தது தராசை. என் மகளின் வரைபடத்தாளில் முதல் ஐந்து நாள் புள்ளிகள்: 540, 552, 565, 566, 549. ஐந்தாம் நாள் காலையில் குட்டி பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, பந்தைக்கூட உருட்டியது. நான் தயங்கினேன். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாங்கப்பா, போகலாம்" என்றாள். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு மலத்தைச் சோதித்தார். குடற்புழு. மருந்து கொடுத்த நான்காம் நாள் கோடு மறுபடி ஏறத் தொடங்கியது.

அது இப்போது 3 கிலோ 400 கிராம். சமையலறைத் தராசில் உட்கார மறுக்கிறது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் தராசில் ஏறுகிறாள். பிறகு தான் மட்டும் ஏறி, முதல் எடையிலிருந்து கழிக்கிறாள். அந்தத் தராசு 100 கிராமுக்கு 100 கிராமாகத்தான் காட்டும். இந்த வயதுக்கு அது போதும்.