ஒரு தமிழ் எழுத்துருவும் ஒரு டெப் பொதியும்

டெபியன் போட்ட கணினியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியுதுன்னு ஐயம்பேட்டையில் யாராவது கேட்டால், நான் சொல்வது ஒரே வரிதான்: ‘ஆப்ட் இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்’. சில வினாடிகளில் சரியாகிவிடும். அதற்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் அந்தப் பெயர். தமிழுக்கான குறியீடு ‘டிஏ’ இருக்க, ‘டாம்ல்’ எதற்கு? ‘டிஏ’ மொழியைக் குறிக்கிறது. ‘டாம்ல்’ என்பது ஐஎஸ்ஓ 15924 தரத்தில் எழுத்துமுறைக்கான குறியீடு. எழுத்துரு எழுத்துக்குத்தானே சொந்தம்? சௌராஷ்டிரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறவருக்கும் இதே பொதிதான் வேண்டும்.

இறங்கி வரும் டெப் கோப்பு ‘ஏஆர்’ என்ற பழைய வகைப் பெட்டகம். உள்ளே மூன்றே பொருட்கள். ஒன்று, 2.0 என்ற வடிவ எண் மட்டும் எழுதிய சின்னக் கோப்பு. அடுத்தது கன்ட்ரோல் பகுதி: பெயர், பதிப்பு, பராமரிப்பவர், வேறு எந்தப் பொதிகள் தேவை என்ற விவரம். மூன்றாவது டேட்டா, அதாவது நிஜமான சரக்கு. கோப்பு எந்த அடைவில் உட்கார வேண்டுமோ, அந்தப் பாதையோடவே டேட்டாவுக்குள் இருக்கும். டிபிகேஜி அதை அப்படியே பிரித்து வைத்துவிடும். எழுத்துருவில் இயங்குநிரல் கிடையாது என்பதால் கட்டமைப்பு ‘ஆல்’. இன்டெல் கணினிக்கும் ராஸ்பெர்ரி பைக்கும் ஒரே பொதி போதும்.

இப்படி ஒரு டெப் செய்ய ஒரு மாலை நேரம் போதும். டெபியனுக்குள் நுழைப்பதுதான் வேலை. மூல நிரல், கட்டும் விதிகள், மாற்றக் குறிப்பு, காப்புரிமைக் கோப்பு எல்லாம் கேட்பார்கள். தமிழ் எழுத்துருக்கள் இடறுவது கடைசியில் சொன்னதில். ‘இலவசம்’ என்று மட்டும் போட்டு இணையத்தில் கிடக்கிற எழுத்துருக்கள் நிறைய. மாற்றலாமா, மறுபடி விநியோகிக்கலாமா என்று ஒரு வரி உரிமம் இருக்காது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை களஞ்சியத்துக்குள் வர முடியாது. ரெட் ஹாட் வெளியிட்ட லோஹித்துக்கு ஓஎஃப்எல் உரிமம் இருக்கிறது, அதனால் வந்தது. அழகில் அதுதான் முதல் என்று நான் சொல்ல மாட்டேன்!

சரி, யாரோ ஒருவருடைய மிரர் சர்வரிலிருந்து வரும் கோப்பை எப்படி நம்புவது? டெபியனில் ஒவ்வொரு டெப்புக்கும் தனித்தனிக் கையெழுத்து கிடையாது. ‘ரிலீஸ்’ என்ற ஒரு கோப்பில்தான் கையெழுத்து. அதில் ‘பேக்கேஜஸ்’ பட்டியலின் எஸ்எச்ஏ256 எண் இருக்கும். பட்டியலில் ஒவ்வொரு டெப்பின் எண்ணும் இருக்கும். வழியில் ஒரு பைட் மாறினாலும் ஆப்ட் நிறுவ மறுத்துவிடும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். அங்கேயும் டெப், ஆப்ட் கதைதான்.

ஆனால் கையெழுத்து எவ்வளவு தூரம் காப்பாற்றும்? சில்க் மார்க் முத்திரை பட்டு அசலா என்று சொல்லும், சாயம் போகுமா என்று சொல்லாது. இதுவும் அப்படித்தான். 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு பிடிபட்டது. டெப் கோப்புகளின் உள்பகுதியைச் சுருக்கப் பயன்படுவதும் பெரும்பாலும் இதே எக்ஸ்-இசட் முறைதான். விஷமத்தை இயக்கிவிடும் துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டித் தந்த டார் கோப்பில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தோண்டியதில் வெளியே வந்தது. அதற்குள் டெபியனின் சோதனைக் கிளைகள் வரை, முறையான கையெழுத்துடன், போய்விட்டது. நிலையான பதிப்பு தப்பியது.

ஒரே மூலத்தை இருவர் தனித்தனியாகக் கட்டினாலும் பைட்டுக்கு பைட் ஒரே பொதி வர வேண்டும் என்று டெபியனில் 2013 முதல் ஒரு முயற்சி நடக்கிறது. கட்டும் கணினியில் யாராவது கைவைத்தால் அதில் தெரிந்துவிடும். மூலமே கெட்டிருந்தால் இருவருக்கும் ஒரே மாதிரி கெட்ட பொதிதான் கிடைக்கும்; அதைப் பிடிக்க, வெளியீட்டு டார் கோப்பையும் கிட் களஞ்சியத்தையும் யாராவது உட்கார்ந்து ஒப்பிட வேண்டும்.