மார்கழியில் மல்லிகை ஏன் சோர்கிறது?

அண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் எரிந்து அடங்கியபின், திருவண்ணாமலை வீட்டுத் தோட்டங்களில் வயதேறிய குண்டுமல்லிச் செடி இலை பழுத்து, மொட்டு விடாமல் நிற்பதைக் கண்டு, பட்டுப்போயிற்றென்று பிடுங்கத் துணிபவர்கள் சற்றே பொறுக்கவேண்டும்; ஏனெனில், உதகையைப்போல் இங்கே உறைபனி விழுந்து, திசுக்களில் நீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களை உலர்த்துவதில்லை; குளிரில் வேர் நீர் உறிஞ்சுவது மந்தமாகித் தளிர் தடைப்படுகிறது, அவ்வளவே. மல்லிகையோ புதுக்கிளையில்தான் புஷ்பிக்கும். ஆகவே நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து செய்வது சம்பிரதாயம்; தவறவிட்டவர்கள் தை பிறந்ததும் செய்யலாம், பாதகமில்லை.

கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாயின் பச்சை காணும்வரை வெட்டி, தொழுவுரமிட்டு, நீரை அளவோடு விடுங்கள். பங்குனியில் மொட்டு வரும்.