ஈயக் குண்டும் ஒரு துளிக் கொழுப்பும்

ஆண்டுதோறும் ஒரே பாடத்தைப் படிப்பித்து வருகின்ற ஆசிரியனுக்கு ஓர் ஆபத்து உண்டு. நாளடைவில், தான் சொல்வதைத் தானே கேளாதவனாகி விடுவான். 1857ஆம் ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சியை நான் எத்தனையோ முறை வகுப்பிற் சொல்லியிருக்கிறேன். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைப் பல்லாற் கடிக்கும்படி பணித்தனர். இந்துக்களும் முஸ்லிம்களுமாகிய சிப்பாய்கள் கொதித்தெழுந்தனர். இவ்வளவே பாடம். சென்ற தவணையில் ஒரு நாள், பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சேர், துவக்குக் குண்டுக்குக் கொழுப்பு எதற்கு?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், எனக்கு விடை தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று கூறிப் புத்தகத்தை மூடினேன்.

விடையைத் தேடிப் போனபோது வரலாற்று நூல்கள் எனக்கு அதிகம் உதவவில்லை. உதவியவர்கள், ஈயத்தை உருக்கித் தம் வீட்டிலேயே குண்டு வார்க்கும் அமெரிக்கப் பொழுதுபோக்காளர்கள். அந்நாட்டில் இன்றும் அத்தகையோர் பலர் உளர். அவர்களுடைய நூல்களிற் பெரும் பகுதி இரண்டே வினாக்களைச் சுற்றி வருகிறது: குண்டைச் சரியான அளவுக்குக் கொண்டு வருவது எப்படி? அதற்கு மசகிடுவது எப்படி?

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். அச்சில் வார்த்துக் குளிர்ந்த குண்டுகள் எல்லாம் ஒரே பருமனாய் அமைவதில்லை. குழலின் உட்புறத்தில் திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றை இறுகப் பற்றினால்தான் சுழன்று நேரே செல்லும். ஆகவே, பள்ளங்களிடையே உள்ள விட்டத்தைவிட ஏறக்குறைய ஆயிரத்தில் ஓர் அங்குலம் பெரிதாக இருக்குமாறு, அளவான துளையுள்ள உருக்கு அச்சொன்றினூடாகக் குண்டைத் தள்ளுவார்கள். பற்றினால் மட்டும் போதாது. வறண்ட ஈயம் குழலில் உராய்ந்து படிந்துவிடும், குறி தவறும். அதற்காகவே குண்டின் இடுப்பில் வளையம் வளையமாகப் பள்ளம் விட்டு, அதில் மசகை நிரப்புகிறார்கள். தேன்மெழுகே அதற்குப் பெரும்பாலும் அடிப்படை.

கருவி தேர்வதிலே அவர்களிடம் இரு கட்சிகள் உண்டு. நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் அளவாக்குவதையும் மசகை அழுத்திப் புகுத்துவதையும் ஒருங்கே செய்யும் பொறியை ஒரு சாரார் விரும்புவர். அதற்கு விலை அதிகம். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அச்சும் வேண்டும். மற்றச் சாரார் தட்டொன்றிற் குண்டுகளை நிறுத்தி, உருகிய மெழுகை ஊற்றி, ஆறியபின் பெயர்த்தெடுத்து, எளிய அச்சினூடாகத் தள்ளி விடுவர். எத்தனை குண்டு வேண்டும், எந்தத் துவக்கு, எவ்வளவு வெயில் என்பவற்றைப் பார்த்தே தேர்வு அமையும். பயன்படுத்துபவன் தானே தேர்பவனாகவும் இருக்கிறான். இதை வாசிக்கும்போது, பிற்பாடு எனக்கு இது முக்கியமாகப் படும் என்று நான் நினைக்கவில்லை.

இனி, பாடத்துக்கு வருவோம். பிரித்தானியப் படைக்கு 1853இல் வகுக்கப்பட்ட என்பீல்ட் துவக்கின் குழல் 0.577 அங்குல விட்டமுடையது. ஏறக்குறைய 34 கிராம் நிறையுள்ள குண்டு அதைவிடச் சற்றுச் சிறிது, 0.568 அங்குலம். வாய்ப்புறமாக எளிதில் இறங்கி, வெடிக்கும்போது விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும் குண்டு அது. மருந்தையும் குண்டையும் சேர்த்துக் காகிதத்திற் சுற்றியதே தோட்டா. சிப்பாய் அதன் ஒரு முனையைப் பல்லாற் கிழித்து மருந்தைக் குழலிற் கொட்டுவான். பிறகு தோட்டாவைத் திருப்பிக் குண்டைக் காகிதத்துடன் செலுத்தி, இருப்புக் கோலால் இடித்து இறக்குவான். சில வெடிகளுக்குப் பின் மருந்தின் கரி குழலை அடைத்துவிடும். அக்கரியை இளக்கிக் குண்டு இறங்க வழி செய்யவே காகிதத்தின் வெளிப்புறத்தில் மசகு தடவப்பட்டது. விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த மசகு அது.

மாணவனின் கேள்விக்கு விடை இதுவே. ஆனால், விடை கிடைத்த பின்னர்தான் கேள்வி பெரிதாயிற்று. எந்த விலங்கின் கொழுப்பு என்று யாராவது கேட்டார்களா?

கேட்டார்கள். அம்மசகு இந்திய வெப்பத்தைத் தாங்குமா என்று அறிய 1853இல் சில தோட்டாக்கள் அங்கு அனுப்பப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில், வங்காளப் படையின் அட்யுட்டன்ட் ஜெனரல் டக்கர், தலைமைத் தளபதியின் கருத்தாக ஒரு கடிதம் எழுதினார். மசகு சாதி ஆசாரத்துக்கு ஊறு செய்யாதது என்று தெரிந்தாலன்றி அத்தோட்டாக்களை இந்தியச் சிப்பாய்களிடம் கொடுக்காமல், ஐரோப்பியரிடம் மட்டும் கொடுத்துச் சோதிப்பதே நலம் என்பது அதன் சாரம். எச்சரிக்கை பயன்படவில்லை. பின்னர் டம்டம் படைக்கலச் சாலையில் தோட்டா செய்தபோதும், கொழுப்பு இன்ன விலங்கினது என்று ஒப்பந்தக்காரருக்கு விதிக்கப்படவில்லை. வெயில் தாங்குமா என்று சோதித்தவர்கள், அதைக் கடிக்கப் போகும் வாயைப் பற்றி நினைக்கவில்லை.

1857 ஜனவரியில் டம்டம்மில் ஒரு கூலியாள் சிப்பாய் ஒருவனிடம் செம்பிலே தண்ணீர் கேட்டான். சாதி காரணமாகச் சிப்பாய் மறுத்தான். பசு, பன்றி ஆகியவற்றின் கொழுப்பைக் கடிக்கப் போகும் உனக்குச் சாதி எங்கே நிற்கும் என்று கூலியாள் எள்ளினான் என்பர். செய்தி படை முழுதும் பரவிற்று.

அதன்பின் அரசு விரைந்தது. அம்மாத முடிவுக்குள்ளேயே, மசகில்லாத தோட்டாக்களைக் கொடுத்துவிட்டுச் சிப்பாய்களே தமக்கு விருப்பமானதைக் கடைத்தெருவில் வாங்கித் தடவலாம் என்று இணங்கிற்று. ஆனால், காகிதம் பளபளக்கிறதே, அதிலும் கொழுப்பு இருக்கிறது என்றனர் சிப்பாய்கள். பெப்ரவரி 26இல் பெர்ஹாம்பூரில் ஒரு படைப்பிரிவு தோட்டாக்களை ஏற்க மறுத்தது. கடிக்க வேண்டாம், கையாற் கிழித்தாற் போதும் என்று பயிற்சி முறை மாற்றப்பட்டது. பிழை இல்லையாயின் ஏன் மாற்றுகிறார்கள் என்ற ஐயமே மிஞ்சிற்று. ஏப்ரல் 24இல் மீரத்தில் 85 குதிரைப்படையினர் மறுத்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவையோ பழைய வகைத் தோட்டாக்கள்! மே 9இல் அவர்களுக்கு விலங்கிட்டனர். மறுநாள் மீரத் எரிந்தது.

மசகு ஒன்றே காரணம் என்று சொல்வது அறியாமை. அயோத்தி நாட்டை 1856இல் இணைத்தமை, கடல் கடந்தும் பணிபுரிய வேண்டும் என்ற அவ்வாண்டுச் சட்டம் எனப் பல மனக்குறைகள் முன்னரே கனன்று கொண்டிருந்தன. எனினும், பாடம் புதிதன்று. 1806 ஜூலை 10இல் தமிழகத்து வேலூரிலே, தோற்குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறியை அழிக்கச் சொன்ன கட்டளையும் சிப்பாய்களைக் கிளர்ந்தெழச் செய்தன. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அதை நினைத்தார் சிலரே.

என்னை மிகவும் வருத்திய செய்தி இனித்தான் இருக்கிறது. என்பீல்ட் குண்டின் விட்டம் பின்பு 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. மசகிலே கொழுப்புக் குறைந்து தேன்மெழுகின் பங்கு கூடிற்று. தேன்மெழுகு 60 பாகைக்கு மேலேதான் உருகும். கொழுப்போ அதற்கு முன்பே இளகிவிடும். வெப்ப நாட்டுக்கு ஏற்ற மசகும், எவர் மனத்தையும் புண்படுத்தாத மசகும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. 1853இல் ஒரு வரி விதி போதியதாய் இருந்திருக்கும். 1857இல் எத்தனை விதிகளும் போதவில்லை. மசகை மாற்ற முடிந்தது. ஐயத்தை மாற்ற முடியவில்லை.

அடுத்த வாரம் இவற்றையெல்லாம் வகுப்பிற் சொன்னேன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. அதே மாணவன் மீண்டும் எழுந்தான்.

"அந்தக் கடிதத்தை ஒருவரும் வாசிக்கவில்லையா, சேர்?"

"வாசித்திருப்பார்கள், தம்பி. ஆனால், அதை வாசித்த எவரும் அந்தத் தோட்டாவைக் கடிக்க வேண்டியவர் அல்லர்."

மணி அடித்தது. இப்பாடத்தை அடுத்த ஆண்டு வேறுவிதமாகத் தொடங்குவேன்.